ஒரே சிக்னல், ஒரே ஆயிரம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன் மேடம். நாள் சம்பளம் 550 ரூபாய். போன வாரம் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது சிக்னலில் நிறுத்தினார்கள். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன், பின்னால் உட்கார்ந்திருந்த அவள் போடவில்லை. ஆயிரம் ரூபாய் சலான். எனக்கு முன்னால் ஒரு பெரிய கார் நின்றது. சீட் பெல்ட் போடாததற்கு அவருக்கும் அதே ஆயிரம். அவர் ஃபோனை நீட்டி ஸ்கேன் பண்ணிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அரை நிமிஷம் ஆகியிருக்காது. என் கையில் முந்நூறு ரூபாய்தான் இருந்தது. இன்னும் கட்டவில்லை. தப்புப் பண்ணினால் தண்டம் கட்டுவது சரிதானுங்க. ஆனால் பின்லாந்தில் பணக்காரனுக்கு லட்சக்கணக்கில் ஃபைன் போடுவார்களாமே, இங்கே ஏன் அப்படி இல்லை? கோர்ட்டுக்குப் போய் என் சம்பளத்தைச் சொன்னால் குறைப்பார்களா? கட்டாவிட்டால் ஜெயில் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார், உண்மையா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: முதலில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கவனித்துவிடலாம். ஹெல்மெட் சலான் கட்டவில்லை என்று யாரும் வீட்டுக்கு வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை. கட்டாமல் கிடந்தால் சலான் கோர்ட்டுக்குப் போகும். அங்கே அபராதம் விதித்து, அதையும் கட்டாமல் விட்டால்தான் சிறை என்ற பேச்சே வரும். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களில், தொகை 5,000 ரூபாய்க்குள் இருந்தால் அதிகபட்சம் இரண்டு மாதம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த புதிய சட்டம். நீங்கள் அந்த இடம் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பின்லாந்து செய்தி உண்மைதான். 2023 ஜூனில் பின்லாந்தின் ஆலாந்து தீவுகளில் ஆண்டர்ஸ் விக்லொஃப் என்ற தொழிலதிபர், 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாத இடத்தில் 82-ல் போனார். ஃபைன் 1,21,000 யூரோ. நம் பணத்தில் ஒரு கோடிக்கு மேல். பத்து நாள் லைசென்ஸும் போயிற்று. அதற்கு இருபது வருஷம் முன்னால், 2002-ல் வெளியே வந்த கதை நோக்கியா கம்பெனியின் உயர் அதிகாரி அன்சி வான்யோகியுடையது. ஹெல்சின்கியில் 50-ல் போக வேண்டிய சாலையில் ஹார்லி டேவிட்சனை 75-ல் ஓட்டியதற்கு 1,16,000 யூரோ. இவருடைய வழக்கில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. பழைய வருஷத்து வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள், அதற்குள் என் வருமானம் விழுந்துவிட்டது என்று அவர் மேல்முறையீடு செய்தார். தொகையில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டார்கள். வருமானம் ஏறினால் ஃபைன் ஏறும் என்றால், இறங்கினால் இறங்கவும் வேண்டுமே.

இந்த முறைக்கு நாள் அபராதம் என்று பெயர். பின்லாந்தில் 1921-ல் வந்தது. பிறகு ஸ்வீடன், டென்மார்க், ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று பரவியது. இதில் தண்டனை இரண்டு துண்டாக இருக்கும். குற்றம் எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்து எத்தனை 'நாள்' என்று முடிவு செய்வார்கள். இது பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒன்றுதான். அந்த ஒரு நாளின் விலை என்ன என்பது ஆளைப் பொறுத்தது. பின்லாந்தில் வரி போக மாத வருமானத்தை எடுத்து, அதில் அடிப்படைச் செலவுக்கென்று 255 யூரோவைக் கழித்து, மீதியை 60-ஆல் வகுக்கிறார்கள். மாதத்துக்கு முப்பது நாள்தானே, ஏன் அறுபது? ஒரு நாள் சம்பாத்தியத்தில் பாதியைத்தான் எடுப்பார்கள், மறுபாதி வீட்டுக்கு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அதற்கும் கொஞ்சம் தள்ளுபடி உண்டு.

இதை உங்கள் சிக்னலில் வைத்துப் பார்ப்போம். 26 நாள் வேலை என்றால் உங்களுக்கு மாதம் 14,300 ரூபாய். கழிவை விட்டுவிட்டு நேராக 60-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 238. காரில் போனவருக்கு மாதம் ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம், எனக்கும் அவரைத் தெரியாது. அவருடைய நாள் 8,333. இருவருக்கும் தலா நான்கு நாள் என்றால் உங்களுக்கு 952 ரூபாய், அவருக்கு 33,332.

கவனித்தீர்களா, உங்கள் ஆயிரம் கிட்டத்தட்ட அப்படியேதான் நிற்கிறது. ஏறியது அவருடையது. நாள் அபராதம் என்றதும் ஏழைக்குச் சலுகை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வசதியுள்ளவனுக்கு உறைக்க வைக்கிற முறை. உங்களுக்கு வேண்டியது அவர் தொகை ஏறுவதா, உங்கள் தொகை இறங்குவதா என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு கோரிக்கை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பின்லாந்தில் இருந்திருந்தாலும் ஹெல்மெட்டுக்கு ஒரே கட்டணம்தான். அங்கேயும் ஹெல்மெட், சீட் பெல்ட், கொஞ்சம் கூடுதல் வேகம் மாதிரி சில்லறைத் தப்புகளுக்கு எல்லோருக்கும் ஒரே தொகை. வேகம் வரம்பைவிட 20 கிலோமீட்டருக்கு மேல் தாண்டினால்தான் வருமானக் கணக்கு வரும். ஜெர்மனியிலும் அப்படித்தான். கோர்ட்டில் தண்டிக்கப்படும் குற்றங்களுக்குத்தான் நாள் கணக்கு, சாதாரண வேகச் சலானுக்குப் பட்டியல் போட்ட தொகை. சுவிட்சர்லாந்தில் 2010-ல் ஃபெராரி ஓட்டிய ஒருவருக்கு 2,99,000 ஃபிராங்க் போட்டார்கள் என்றால், அவர் ஓட்டியது 80 போக வேண்டிய இடத்தில் 137.

ஜெர்மனியைப் பற்றிப் பேசும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டிக்கெட் எடுக்காமல் ரயிலில் போவது அங்கே கிரிமினல் குற்றம். அதற்கு வருமானத்தைப் பார்த்துத்தான் நாள் அபராதம் போடுகிறார்கள். ஆனால் உதவித்தொகையில் வாழ்கிறவனுக்குச் சின்னத் தொகையும் பெரிய தொகைதான். கட்டாவிட்டால் ஒரு நாள் அபராதத்துக்கு ஒரு நாள் சிறை என்று கணக்கு இருந்தது. சில யூரோ டிக்கெட்டில் தொடங்கிச் சிறையில் போய் முடிகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில்தான் இரண்டு நாள் அபராதத்துக்கு ஒரு நாள் சிறை என்று பாதியாக்கினார்கள். வருமானத்தைப் பார்த்துப் போட்டாலும் கீழே இருப்பவனுக்குக் கிடைப்பது முழு நிவாரணம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்துக்காரர்கள் செய்து பார்த்துக் கைவிட்ட கதை வேறு மாதிரி. 1992 அக்டோபரில் வருமானத்தோடு சேர்த்த அபராத முறையைக் கொண்டுவந்தார்கள். ஒருவர் சிப்ஸ் பாக்கெட்டின் காலிக் கவரைத் தெருவில் போட்டார். வருமான விவரப் படிவத்தை அவர் நிரப்பித் தராததால் உச்ச விகிதத்தில் கணக்குப் போட்டு 1,200 பவுண்டு விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது 48 பவுண்டாகிவிட்டது. ஆனால் பத்திரிகைகளுக்கு 1,200 போதுமே! நடுத்தர வர்க்கத்திடமிருந்தும் மாஜிஸ்திரேட்டுகளிடமிருந்தும் புகார் கிளம்ப, அடுத்த வருஷமே அரசு அதைத் தூக்கிப் போட்டுவிட்டது. இப்போது அங்கே கோர்ட்டுக்குப் போகும் வேகக் குற்றங்களில் வாரச் சம்பளத்தின் விகிதத்தில் ஃபைன் போடுகிறார்கள். 2017-லிருந்து மோசமான வேகத்துக்கு வாரச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு. ஆனால் சட்டத்தில் மேல் வரம்பு இருக்கிறது. சாதாரணச் சாலையில் 1,000 பவுண்டு, மோட்டார்வேயில் 2,500. கோடீஸ்வரன் அந்தக் கூரையில் முட்டி நின்றுவிடுகிறான்.

சரி, இங்கே ஏன் இல்லை?

பின்லாந்துப் போலீஸ்காரர் ரோட்டில் நின்றபடியே உங்கள் வரிக்கணக்கு வருமானத்தைப் பார்த்துவிட முடியும். அந்த ஊரில் யார் எவ்வளவு வரி கட்டினார் என்பது ஊருக்கே தெரிகிற தகவல். இங்கே 140 கோடிப் பேர் இருக்கிறோம், 2024 ஜூலை கெடுவுக்குள் தாக்கலான வருமான வரிக் கணக்குகள் 7.28 கோடி. விவசாய வருமானத்துக்கு வரியே இல்லை. நூறு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவர் காகிதத்தில் உங்களைவிட ஏழையாக இருக்கலாம். சைட் பிசினஸ், பினாமி, மனைவி பேரில் கார் என்று எத்தனை வழி. நாளைக்கே இங்கே வருமானத்தை வைத்து ஃபைன் என்று சட்டம் வந்தால் முதலில் மாட்டப்போவது யார் தெரியுமா? மாதாமாதம் சம்பளத்திலேயே வரி பிடித்துக்கொண்டு தரப்படுகிற பள்ளிக்கூட வாத்தியாரும் பேங்க் கிளார்க்கும்தான். அவர்கள் வருமானம் மட்டும்தான் கண்ணாடி மாதிரித் தெரிகிறது. இதனால்தான் பின்லாந்து முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர வேண்டும் என்று கேட்பவர்களோடு நான் சேருவதில்லை.

ஒரே தொகை முறைக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அதில் வேறொரு கோளாறு உண்டு. அது தூங்கும், திடீரென்று எழுந்து அடிக்கும். 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்தால் பத்து ரூபாய் வரை அபராதம் என்று இருந்தது. அன்றைக்கு அது கூலிக்காரனின் பல நாள் சம்பளம். அதே பத்து ரூபாய் 2024 ஜூன் கடைசி வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது, டீயும் வடையும் வாங்கக்கூடப் பத்தாத தொகையாக. புதிய சட்டத்தில் ஒரே தாவாக ஆயிரம் ரூபாய். ஹெல்மெட் கதையும் அதுதான். வெகுகாலம் 100 ரூபாயாகக் கிடந்தது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் ஆயிரமானது. குஜராத் அரசு உடனே 500 என்று குறைத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தபோது ஆயிரமாகவே வந்தது. உங்கள் சம்பளம் அப்படிப் பத்து மடங்காக என்றைக்காவது தாவியிருக்கிறதா?

நம் சட்டத்துக்குள்ளேயே ஒரு கதவு இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவாரைத்தான் காணோம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 210ஏ. மத்திய அரசின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, மாநில அரசு ஒவ்வொரு அபராதத்தையும் ஒன்றிலிருந்து பத்து மடங்கு வரை பெருக்கலாம் என்கிறது. அதோடு வாகன வகைக்கு வகை வேறு வேறு மடங்கு வைக்கலாம் என்றும் சொல்கிறது. ஒருவரின் வருமானத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர் ஓட்டுவது பழைய 100 சிசி பைக்கா, அறுபது லட்ச ரூபாய்க் காரா என்பது ஆர்.சி. புத்தகத்திலேயே இருக்கிறது, சலான் மெஷினிலும் தெரிகிறது. பைக்குக்கு ஒரு மடங்கு, பெரிய காருக்கு ஐந்து மடங்கு என்று வைத்தால் பின்லாந்து அளவுக்குத் துல்லியமாக இருக்காது. ஆனாலும் அந்த அரை நிமிஷம் கொஞ்சம் நீளும். ஒன்றுக்குக் கீழே போக வழியில்லை என்பதால் உங்கள் தொகை இதில் குறையாது.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. உங்களுக்கும் காருக்கும் ஒரே தண்டனை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப்படி அதுகூட இல்லை. சீட் பெல்ட் பிரிவு 194பி, வெறும் ஆயிரத்தோடு முடிந்தது. ஹெல்மெட் பிரிவு 194டி, ஆயிரத்தோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். தலையைக் காக்கத்தான் இந்தக் கடுமை என்று வாதம் சொல்வார்கள், அதில் நியாயம் உண்டு. ஆனால் மூன்று மாதம் லைசென்ஸ் இல்லாமல் இருப்பது யாருக்கு என்ன விலை? டிரைவர் வைத்திருக்கிறவருக்குச் சங்கடம்கூட இல்லை. உணவு டெலிவரி செய்யும் பையனுக்கு அது மூன்று மாதச் சம்பளம். அவனுக்கு ஆயிரம் ரூபாய் ஃபைன் என்பது முன்பணம் மாதிரி, பெரிய பில் பின்னால் வருகிறது. 1215-ல் இங்கிலாந்து மன்னரிடம் பிரபுக்கள் எழுதி வாங்கிய மேக்னா கார்ட்டாவில் இதற்கென்றே ஒரு ஷரத்து இருக்கிறது. வியாபாரிக்கு அபராதம் போட்டால் அவன் சரக்கைத் தொடக் கூடாது, குடியானவனுக்குப் போட்டால் அவன் உழவுச் சாதனத்தைத் தொடக் கூடாது. டெலிவரி பையனுக்கு உழவுச் சாதனம் லைசென்ஸ்.

நான் ஜூனியர் வக்கீலாக இருந்தபோது ஒரு கோர்ட்டில் பெட்டி கேஸ், அதாவது சில்லறைக் குற்ற வழக்குகள் எடுக்கும் நாள். வரிசையில் பதினைந்து இருபது பேர். ரோட்டோரம் கொய்யா விற்றதற்காக ஒருவரைப் பிடித்து வந்திருந்தார்கள். 300 ரூபாய் அபராதம். அவரிடம் அவ்வளவு இல்லை. வெளியே வேப்பமரத்தடியில் கூடை இருந்தது. ஒரு குமாஸ்தா போய் ஒரு கிலோ வாங்கினார். பின்னாலேயே நாங்கள் நான்கைந்து பேர் போனோம். பிடித்துக்கொண்டு வந்த போலீஸ்காரரும் அரைக் கிலோ வாங்கினார். மத்தியானத்துக்குள் கூடை காலி, ஃபைனும் கட்டியாயிற்று. அன்றைக்கு முழுக்க அவர் விற்றது ஃபைனுக்காக. அடுத்த நாள் சரக்கு எடுக்கக் கையில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அபராதத்தின் பாரம் என்றால் எனக்கு அந்த அடுத்த நாள் காலைதான் ஞாபகம் வரும். கைமாற்று, வார வட்டி, போன ஒரு நாள் கூலி. எதுவும் சலானில் அச்சாகி வருவதில்லை.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. அபராதம் கட்ட முடியாமல் சிறையிலேயே கிடக்கும் ஏழைக் கைதிகளுக்கு 25,000 ரூபாய் வரை உதவ 2023-ல் மத்திய அரசு ஒரு திட்டமே கொண்டுவந்தது. முதலில் ஃபைன் போட்டு, பிறகு அதைக் கட்டவும் அரசே பணம் தருகிற விசித்திரம்.

அப்புறம், உங்கள் சலான். கோர்ட்டுக்குப் போய்ச் சம்பளத்தைச் சொன்னால் குறையுமா என்று கேட்டீர்கள். பிரிவு 194டி-யில் 'ஆயிரம் வரை' என்று இல்லை, 'ஆயிரம்' என்றுதான் இருக்கிறது. குறைப்பதற்கு மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டம் இடம் வைக்கவில்லை. நீங்கள் ஒரு நாள் லீவு போட்டு, 550 ரூபாயையும் விட்டு, அதே ஆயிரத்தைக் கட்டிவிட்டு வருவீர்கள். அன்றைக்கு வண்டியில் இருந்தது நீங்கள் இல்லை, வண்டி நம்பர் தப்பு என்பது மாதிரி விஷயம் இருந்தால் தாராளமாகப் போய்ச் சொல்லுங்கள். உங்கள் வழக்கில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆகவே முழுத் தொகை சேர்ந்ததும் சலானில் உள்ள கெடுவுக்குள் ஆன்லைனில் கட்டிவிடுங்கள். இதற்காக வட்டிக்கு வாங்காதீர்கள். கட்டாமல் விட்டால் நாளைக்கு வண்டியை விற்கும்போது, பெயர் மாற்றும்போது அது வந்து குறுக்கே நிற்கும். ஒருவேளை கெடு தாண்டிக் கோர்ட்டுக்குப் போய்விட்டால், உடனே கட்ட வசதியில்லை என்று சொல்லி அவகாசம் கேளுங்கள். முப்பது நாள் அவகாசமோ, இரண்டு மூன்று தவணையோ கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கேட்காமல் யாரும் தர மாட்டார்கள்.

லைசென்ஸை அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் இப்போதைக்குப் பயப்பட வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தால் மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் லைசென்ஸை நிறுத்தி வைக்க முடியாது. முதல் தடவை, நான் ஹெல்மெட் போட்டிருந்தேன், ஆஸ்பத்திரி அவசரம், வேலைக்கு இந்த வண்டிதான் என்று ஒரு பக்கம் எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலைச் சேர்த்துக் கொடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் உங்கள் கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், அங்கே கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் 'உங்கள் சலான் நிலுவையில் உள்ளது' என்று ஒரு ஃபைலோ லிங்க்கோ வந்தால் தொடவே தொடாதீர்கள், பேங்க் கணக்கைக் காலி செய்கிற கும்பல் அது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். கட்டியதும் ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒரு பிரிண்ட்டும் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். மனைவிக்கு ஒரு ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் வாங்கிவிடுங்கள், ஆயிரத்துக்குள்ளேயே நல்லதாகக் கிடைக்கிறது. கடைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும்.